ஆறாத புண்ணும் ஆறாத மனமும்

வியாபாரிக்கு மூலதனம் எது என்று கேட்டால் பணம் என்போம், சரக்கு என்போம், நாணயம் என்போம். இத்தனையையும் சுமந்து நிற்கின்ற இரண்டு கால்களும் மூலதனம்தான் என்பதை நாம் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நம் சுரண்டை மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். பொழுது விடியுமுன் காய்கறி வரத்து தொடங்கிவிடுகிறது. ஏலம், எடை, சிட்டை, லோடு என்று ஒவ்வொன்றாக முடித்து, செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரியை அனுப்பி வைக்கும் வரை கமிஷன் மண்டிக்காரருக்கு உட்கார நேரம் இல்லை. ஓணம் நெருங்கினால் சொல்லவே வேண்டாம். பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கோ காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை நின்றபடியே பொட்டலம் மடிக்கும் வேலை. சாரல் மாதங்களில் ஈரத்தரை, சித்திரை வைகாசியில் கொதிக்கும் சிமெண்டுத் தரை. இதற்கிடையே காலில் ஒரு கீறல் விழுந்தால் யார் கவனிப்பது? "என்ன அண்ணாச்சி, கால்ல கட்டு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல தம்பி, ஆணி கீறிட்டு, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்பதே பதில்.

இரண்டு நாளில் சரியாகிவிட்டால் நல்லது. ஆறு வாரம் கழித்தும் அதே கட்டு அதே இடத்தில் இருந்தால்தான் ஆபத்து. நான்கு முதல் ஆறு வாரம் கடந்தும் மூடாத புண்ணை நாள்பட்ட புண் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சீனி வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, அடிபட்டதே தெரியாமல் வரும் புண். மற்றொன்று, ஆண்டுக்கணக்கில் நின்று நின்று காலின் ரத்தக் குழாய்கள் சுருண்டு புடைத்து, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, உடைந்து உண்டாகும் புண். படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களுக்கு வரும் படுக்கைப் புண் மூன்றாவது வகை.

இவற்றுக்கு மருந்து உண்டு, கட்டு உண்டு, அறுவைச் சிகிச்சையும் உண்டு. அவற்றுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சங்கதியைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறோம். "மனக்கவலை பலக்குறைவு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் கவலையும், புண்ணின் வலியும், புண் ஆறுவதையே தாமதப்படுத்தக் கூடியவை என்று கடந்த 30 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

உடம்பு செய்யும் பழுது வேலை

புண் எப்படி ஆறுகிறது? கிட்டங்கிச் சுவர் ஒன்று இடிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் மழை உள்ளே வராமல் தார்ப்பாய் போட வேண்டும். பிறகு இடிபாடுகளை அள்ளிக் கொட்ட வேண்டும். அதன் பின் செங்கல் அடுக்கிப் பூச வேண்டும். கடைசியில் சுவர் காய்ந்து உறுதிப்பட வேண்டும். உடம்பும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது. ரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் அகற்றுகின்றன. இந்தக் கட்டத்தில்தான் புண் சிவந்து, சுடுகிறது. பிறகு புதுச் சதையும் தோலும் வளர்கின்றன. வெளியே மூடிய பின்னும் உள்ளே பலப்படும் வேலை மாதக்கணக்கில் நடக்கிறது.

இடிபாட்டை அள்ள ஆள் வராவிட்டால் கொத்தனார் வேலை தொடங்க முடியாது. நாள்பட்ட புண் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்திலேயே நின்றுபோன வேலை ஆகும்.

கவலை எப்படிக் காலுக்கு இறங்குகிறது?

மனத்தில் உள்ள கவலை காலில் உள்ள புண்ணை எப்படித் தொடும் என்று கேட்கலாம். வழி ரத்தத்தின் மூலம்தான். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டு சரக்குகளை அனுப்புகின்றன. ஒன்று அட்ரினலின், மற்றொன்று கார்ட்டிசால். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இவை வேண்டும். தேவை முடிந்ததும் அடங்கிவிட்டால் தீங்கில்லை. அவசரத்துக்கு வாங்கிய கைமாற்றை மறுநாளே திருப்பிக் கொடுப்பதைப் போன்றது அது.

ஆனால் சிட்டைப் பாக்கி, வார வட்டி, மகள் கல்யாணம், எதிரே திறந்திருக்கும் பெரிய கடை என்று மாதக்கணக்கில் மனம் ஆபத்திலேயே இருந்தால், அந்தக் கைமாற்று கந்து வட்டியாகிவிடுகிறது. அட்ரினலின் தோலுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புண்ணுக்குப் போக வேண்டிய பிராணவாயு குறைகிறது. பிராணவாயு இல்லாமல் வெள்ளை அணுக்களால் கிருமியைச் சரிவரக் கொல்ல இயலாது. கார்ட்டிசாலோ, அந்த அணுக்களை அழைத்துவரும் சைகைகளையே அடக்கி வைக்கிறது. அதோடு ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றுகிறது. சீனி வியாதிக்காரருக்கு இது இரட்டை நஷ்டம்.

இன்னொரு வழியும் உண்டு. அதற்கு விஞ்ஞானம் தேவையில்லை, நம் கடைத்தெருவே போதும். கவலைப்படுகிறவர் தூங்குவதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, மாத்திரையை மறக்கிறார், பீடி சிகரெட்டைக் கூட்டுகிறார். இவை ஒவ்வொன்றும் புண்ணுக்கு எதிரிதான்.

சோதித்துப் பார்த்த கணக்கு

வெறும் யூகத்தை நம்பிக் கொள்முதல் செய்கிறவர்கள் நாம் அல்ல. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற மனவியல் அறிஞரும் அவர் குழுவினரும் 1995ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அந்தச் சுமை இல்லாத, அதே வயதுப் பெண்கள் 13 பேர் ஆகியோரின் கையில் 3.5 மி.மீ. அளவில் ஒரே மாதிரி சிறு புண் செய்யப்பட்டது. சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. சுமை உள்ளவர்களுக்கு 48.7 நாள் ஆயிற்று. ஒன்பது நாள் அதிகம்!

1998இல் அதே பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரிடம் பார்த்தார்கள். மேலண்ணத்தில் செய்த சிறு புண், விடுமுறையில் ஆறியதைவிடப் பரீட்சை நேரத்தில் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. ஒரே ஆள், ஒரே அளவுப் புண். மாறியது மனநிலைதான்.

2005இல் வெளியான சோதனை, நம் வீடுகளுக்கும் பொருந்தும். 42 தம்பதிகளை மருத்துவமனையில் ஒரு நாள் தங்க வைத்து, கையில் சிறு கொப்புளப் புண் உண்டாக்கி, இருவரையும் பேச விட்டார்கள். பகைமையோடு பேசிக்கொண்ட தம்பதிகளுக்குப் புண் ஆறும் வேகம், இணக்கமாகப் பேசியவர்களின் வேகத்தில் 60 சதவீதம் அளவே இருந்தது.

இவை எல்லாம் நலமாக இருப்பவர்களுக்குச் செய்த சிறு புண்கள்தாமே, பழைய புண்ணுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில், காலில் நாள்பட்ட புண் உள்ள 53 பேரைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாவது தெரிந்தது. வலியைப் பற்றியும் கணக்கு உண்டு. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களைக் கவனித்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சைக்குப் பின் அதிக வலியை அனுபவித்தவர்களுக்குச் சோதனைப் புண்ணும் மெதுவாகவே ஆறியது.

ஆகக்கூடி இது ஒரு செக்கு மாட்டு வட்டம். புண் வலிக்கிறது. வலியால் தூக்கம் போகிறது. தூக்கம் போனதால் கவலை ஏறுகிறது. கவலையால் புண் ஆறவில்லை. ஆறாததால் மறுபடி வலிக்கிறது. இதில் கட்டு மாற்றும் வலி தனி. காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கும் வேதனைக்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் நாளைக் கடத்துகிறார்கள்.

வேலூர் தந்த பாடம்

வலியே கெட்டது என்று முடிவு கட்டிவிடலாகாது. வலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது நம் தமிழ்நாடுதான்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அந்த நோயாலேயே அழுகி விழுகின்றன என்று அன்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கிட்டங்கிக் கதவின் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்து பார்த்தால், பையனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நமக்கென்றால் வலி "போதும், விடு" என்று சொல்லியிருக்கும். அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இப்படிப் பல சம்பவங்களைப் பின்தொடர்ந்து பார்த்த பின், விரல்களையும் பாதங்களையும் அழிப்பது பெரும்பாலும் உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயங்களே என்று அவரும் அவர் குழுவினரும் நிறுவினார்கள். இரவில் தூங்கும்போது எலி கடித்தும்கூட விரல் போயிற்று. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பியதும் அது ஆறிற்று. மிருதுவான ரப்பர் செருப்பு அணிந்ததும் மறுபடி வராமல் நின்றது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், இதே அறிவைச் சீனி வியாதிக்காரர்களின் பாதப் புண்ணுக்கும் பயன்படுத்தினார்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. நம் கடைத்தெருவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதம் மரத்துப்போகிறது. செருப்புக்குள் கிடந்த கூழாங்கல்லோடு நாள் முழுக்க நடந்தவர்கள் உண்டு. வெயில் ஏறிய கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிவந்து, வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளத்தைக் கண்டவர்கள் உண்டு. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்து போய் வந்தவர்கள் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. எனவே வலிக்காத புண்தான் அதிக ஆபத்தானது. வலிக்கின்ற புண்ணுக்கு அமைதி வேண்டும். வலிக்காத புண்ணுக்குக் கண்காணிப்பு வேண்டும்.

குறை சொல்லலாகாது

இதையெல்லாம் படித்துவிட்டு, "உன் கவலையால்தான் உனக்குப் புண் ஆறவில்லை" என்று யாரும் புண்பட்டவரை ஏசிவிடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை, ரத்த ஓட்டம், பாதத்தின் மேல் விழும் பாரம், கிருமித் தொற்று ஆகிய நான்கும்தான் முதல் காரணங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் மனத்தை மட்டும் சாந்தப்படுத்தினால் புண் மூடாது. கவலையும் வலியும் ஐந்தாவது காரணம். ஆனால் மற்ற நான்கையும் பார்க்கும் நாம் இந்த ஐந்தாவதை அடியோடு மறந்துவிடுகிறோம் என்பதே இங்கு சொல்ல வந்தது.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

• இரவு கடை அடைத்ததும், கல்லாக் கணக்கு முடித்த கையோடு பாதக் கணக்கையும் பாருங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம்.

• செருப்பைப் போடுமுன் உதறுங்கள். கடைக்குள்ளும் வெறுங்காலோடு நிற்காதீர்கள். மரத்துப்போன காலைச் சுடுநீரில் வைப்பது கூடாது.

• காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் என்று கைக்குக் கிடைத்ததைப் புண்ணில் அப்ப வேண்டாம். புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைப்பதும் பழைய எண்ணம். அளவான ஈரத்தில் மூடிய புண்ணே விரைவாக மூடுகிறது என்று 1962இலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் காட்டிவிட்டார்.

• கட்டு மாற்றும்போது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், சொல்லுங்கள். ஒட்டிய துணியை உப்புநீர் மருந்தால் நனைத்து எடுக்கலாம். ஒட்டாத வகைக் கட்டுகள் உண்டு. கட்டு மாற்றுவதற்குச் சிறிது நேரம் முன்னதாக வலி மாத்திரை போடலாமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் மெடிக்கல் கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து விழுங்குவது கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

• நின்று வந்த புண்ணுக்கு அழுத்தக் கட்டுதான் முக்கிய வைத்தியம். ஆனால் காலின் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்த பிறகு, தெரிந்தவர் கையால் கட்ட வேண்டும். மதியம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் ஒரு மூடை மேலாவது காலைத் தூக்கி வைத்து உட்காருங்கள்.

• சிவப்பு பரவினாலும், காய்ச்சல் வந்தாலும், நாற்றம் அடித்தாலும், விரல் கறுத்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. அன்றைக்கே தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

• மனத்துக்கும் ஒரு பேரேடு வையுங்கள். இது வேடிக்கையல்ல. நியூசிலாந்தில் 64 வயதுக்கு மேற்பட்ட 49 பேரிடம் ஒரு சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் தங்கள் மனத்தை அழுத்தியவற்றை நாளைக்கு 20 நிமிடம் வீதம் மூன்று நாள் எழுதினார்கள். மற்றொரு பிரிவினர் அன்றாட வேலைகளைப் பற்றி எழுதினார்கள். அதன் பின் செய்த சிறு புண் 11ஆம் நாளில் முதல் பிரிவில் 76 சதவீதம் பேருக்கு முழுதும் ஆறியிருந்தது, மற்றப் பிரிவில் 42 சதவீதம் பேருக்கே ஆறியிருந்தது. தினம் கணக்கெழுதிப் பழகிய நமக்கு இதற்குச் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டுதான்.

சங்கம் செய்யக் கூடியது

கடைசியாக ஒன்று. புண்ணை மறைக்கும் வியாபாரி சோம்பலால் மறைப்பதில்லை. பத்து நாள் கடை அடைத்தால் வாடிக்கை போய்விடும், கால் போகப் போகிறது என்று தெரிந்தால் மொத்த வியாபாரி கடன் நிறுத்திவிடுவார் என்ற பயத்தால் மறைக்கிறார். பத்து நாள் ஓய்வில் ஆற வேண்டிய புண், அந்தப் பயத்தால் விரலைக் கேட்கிறது, பிறகு பாதத்தைக் கேட்கிறது. அப்போது கடை நிரந்தரமாகவே அடைபடுகிறது.

இந்தப் பயத்தை எந்த டாக்டராலும் போக்க முடியாது. நம்மால் முடியும். புண்ணோடு படுத்திருக்கும் உறுப்பினரின் கடையைப் பக்கத்துக் கடைக்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரிகள் அவருடைய பாக்கிக்கு இரண்டு தவணை தள்ளிக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் கொடியேற்றி இனிப்பு வழங்குவதோடு, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதப் பரிசோதனை முகாம் ஒன்றும் நடத்தலாம். கடையில் வேலை பார்க்கும் பையன்களையும் லோடுமேன்களையும் அந்த வரிசையில் நிறுத்த மறக்கக் கூடாது. அவர்கள் காலும் கால்தான்.

பாக்கியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதும், "கடையை நாங்க பார்த்துக்கிடுதோம், நீங்க காலைப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்வதும் வெறும் உபகாரம் அல்ல. இதுவரை பார்த்த கணக்குப்படி அதுவும் மருந்துதான்.